பேயார்

அன்புள்ள அக்கா,

எனக்குப் பாட்டி பெயர், பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் கேலி தாங்கவில்லை என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே அப்பா அரசிதழில் மாற்றிவிட்டார். இப்போது வயது 36. கல்யாணம் வேண்டாமென்று தனியாக இருக்கிறேன், கவிதை எழுதுகிறேன். பேச்சி என்றே போட்டுக்கொள்ள ஆசை. அம்மா அழுகிறாள். கேட்பவர்களிடம் ‘பேச்சுக்கு அதிபதி, கலைவாணி மாதிரி’ என்று சமாளிக்கிறேன். எண்கணிதமும் சரியில்லையாம். வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள பேச்சி,

எண்கணிதத்தை விடு. அம்மா அழுவாள், அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவாள். கலைவாணியை எதற்கடி இழுத்தாய்? பேய்ச்சிதான் தேய்ந்து பேச்சி ஆனது. கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுத்தவளை ஆழ்வார்கள் பேய்ச்சி என்றுதான் பாடினார்கள். கையில் பிள்ளையும் வாயில் கோரைப்பல்லுமாக நிற்கிற நம் பக்கத்து அம்மனிடம் வீணையைக் கொடுத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

ஒரு வாரமாகக் காரைக்கால் அம்மையாரோடுதான் இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம். ஆனி மாதம் காரைக்காலில் புனிதவதிக்குக் கல்யாணம் பண்ணிவைத்து, மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறோம். அந்தப் புனிதவதி என்ற பெயர் சேக்கிழார் சொன்னது, 12ஆம் நூற்றாண்டில். அம்மையார் தன் பாட்டில் போட்ட கையெழுத்து வேறு. அற்புதத் திருவந்தாதியில் நூறு வெண்பா பாடிவிட்டு, 101ஆவதில் ‘காரைக்காற்பேய் சொல்’ என்கிறார். அடியாள் சொல் என்றில்லை, இன்னார் மனைவி சொல் என்றில்லை. பேய் சொல். திருவாலங்காட்டுப் பதிகத்தில் ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று ஒரு பெண்பேயை எலும்பு எலும்பாக எழுதுகிறவர், அதே பதிகத்தின் முடிவில் அந்தச் சொல்லையே தன் பெயராகவும் வைக்கிறார். சோழர் கால வார்ப்புக்காரனுக்கு இது புரிந்திருக்கிறது. வற்றின மார்பும் துருத்தின விலாவுமாக, கையில் தாளத்தோடு உட்காரவைத்தான். நமக்குத்தான் பட்டுச்சேலை கட்டாமல் கை ஓயவில்லை.

சுந்தரரைப் பார். தொண்டர்களை வரிசையாகச் சொல்லி வருகிறவர் இவரிடம் வந்ததும் ‘பேயார்க்கும் அடியேன்’ என்கிறார். பேயை எடுத்துவிட்டு அம்மை, அன்னை என்று எதையும் வைக்கவில்லை. பேயை அப்படியே விட்டு ஓர் ‘ஆர்’ சேர்த்தார். உனக்கு அந்த ‘ஆர்’ கிடைக்குமா கிடைக்காதா என்பது ஊர்க்காரர்கள் பாடு. நீ ஏன் முன்கூட்டியே பேயைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிறாய்?

எங்கள் ஊரில் ஓர் அத்தை இருந்தாள். கட்டிக்கொடுத்த மூன்றாம் மாசமே திரும்பி வந்து, ஓடைக்கரையில் தனியாகக் குடிசை போட்டு ஆடு வளர்த்தாள். முடியைப் பின்ன மாட்டாள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளிடம் ‘அந்தா பேய் வருது’ என்று காட்டுவார்கள், எங்கம்மாவும்தான். அத்தைக்கு அது தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று, ‘பேய் வந்திருக்கேன், கதவைத் தெறங்கடி’ என்பாள். மடியில் நுங்கு இருக்கும். பெருவிரலால் கண்ணைக் குத்தி, நீர் சிந்தாமல் என் வாயருகே பிடிப்பாள். விரலில் ஆட்டுவாடை. அம்மா அடுப்படியைவிட்டு வரவே மாட்டாள்.

அவள் செத்த அன்றைக்கு ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்துத்தான் பெயர் தெரிந்தது. புஷ்பம்.