பழைய மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, அலங்காரக் கண்ணாடிப் பொருள்கள் சேகரிக்க ஆசை. ஏமாறாமல் வாங்குவது எப்படி?

கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிறம், பூவேலை எல்லாம் அப்புறம்.

இது எனக்குப் புரிந்தது அத்தை வீட்டில். அவர் அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போலப் பல வண்ணம் காட்டும் டம்ளர் ஒன்று இருந்தது. "பெல்ஜியம் கண்ணாடிடா, தொடாதே" என்பார். எங்கள் பக்கம் காரைக்குடியில் பழைய கண்ணாடி எதுவானாலும் பெல்ஜியம்தான். பெரியவனான பிறகு ஒருநாள் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் புடைத்த ஆங்கில எழுத்தில் 'ஜெயின்' என்றிருந்தது. உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் செய்தது! சூடான கண்ணாடிமேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து அந்த மினுமினுப்பைக் கொண்டுவருவார்கள். கார்னிவல் கிளாஸ் என்று பெயர். யானை, மீன், கை உருவங்களில் பூஜாடிகளும் அங்கே செய்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள், நாம்தான் அடியைப் பார்ப்பதில்லை.

சரி, அடியில் என்ன பார்ப்பது? பல வருடம் மேசையில் வைத்து எடுத்த பொருளில் மெல்லிய கீறல்கள் தாறுமாறாக ஓடும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தால், பழசாகக் காட்ட உப்புத்தாளால் தேய்த்ததோ என்று சந்தேகப்படலாம். நடுவில் சொரசொரப்பான தழும்பு இருந்தால், ஊதிச் செய்தபோது இரும்புக்கம்பியில் ஒட்டிப் பிடித்த இடம் அது. பக்கவாட்டில் நீளக் கோடு தெரிந்தால் அச்சில் செய்தது. அச்சு வேலை மட்டம் என்று நினைக்காதீர்கள், என் டம்ளரும் அச்சுதான்.

மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் வராத காலத்தில் ஜன்னல் காற்றிலும், கயிறு கட்டி இழுக்கும் பங்கா விசிறியின் காற்றிலும் சுடர் அணையாமல் இருக்க உயரமான கண்ணாடிக் கூண்டு வைத்தார்கள். கூண்டு உடைந்தால் வேறொன்றைப் பொருத்துவது சகஜம். அதனால் கூண்டை அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, இறுக்கித் திணித்திருந்தாலோ அது ஜோடி அல்ல. பிடித்திருந்தால் வாங்கலாம், ஆனால் ஜோடிக்கு உண்டான விலையைக் கொடுக்காதீர்கள். விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிய சில்லும் தட்டுப்படும்.

உறைந்த மெழுகைக் கத்தியால் சுரண்டவே கூடாது. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டினால் இளகும், பருத்தித் துணியால் துடைத்துவிடலாம். கொதிநீர் ஊற்றினால் பழைய கண்ணாடி விரிசல் விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் இரண்டு தடவை எதுவும் வாங்காமல் தொட்டுப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். அதற்கும் முன்னால் சொந்தக்காரர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டதும் அத்தை அந்த டம்ளரைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.