நகரியில் வீட்டு முன்வாசலுக்கு அலுமினிய ஷீட் கூரை போடலாமா? வெயிலில் சத்தம் வருமாமே?

தாராளமாகப் போடலாம். திருத்தணி, நகரி, புத்தூர் பக்கத்து வெயிலுக்கு முதலில் பார்க்க வேண்டியது மேல்பூச்சு. பூச்சில்லாத அலுமினியம் பளபளவென்று வெயிலைத் திருப்பினாலும், வாங்கிய சூட்டை லேசில் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சுள்ள ஷீட்டே நல்லது. கையில் காசிருந்தால் நடுவே பஃப் (சூட்டைத் தடுக்கும் நுரை) வைத்த பேனல். அடியில் நின்றாலே வித்தியாசம் தெரியும்.

'டப் டப்' சத்தம் உலோகம் நீள்வதால் வருவது. விடிகாலைக்கும் உச்சிவெயிலுக்கும் ஷீட்டில் 40 டிகிரி கூடினால், 6 மீட்டர் நீளம் சுமார் 5.5 மி.மீ. நீளும். எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டால் அது போக இடமேது? ஓட்டை கிழியும், மழையில் ஒழுகும். நடு வரிசையை மட்டும் இறுக்கி, மற்ற இடங்களில் 5.5 மி.மீ. திருகுக்கு 10 மி.மீ. ஓட்டையும் அகலமான ரப்பர் வாஷரும் போடச் சொல்லுங்கள். வாஷர் படிந்தால் போதும், பிதுங்கக் கூடாது. திருகு ஷீட் நெளிவின் மேட்டில்தான் ஏற வேண்டும், பள்ளத்தில் அல்ல.

இரும்புச் சட்டத்தில் அலுமினியம் நேராக உட்கார்ந்தால் ஈரத்தில் அரிக்கும். நடுவே ரப்பர் பட்டை, திருகு ஸ்டெயின்லெஸ். ஈர சிமெண்டும் அலுமினியத்தைத் தின்னும், சுவரோரம் பூசும்போது கவனம். சாய்வு 10 அடிக்கு 10 அங்குலம். ஐப்பசி, கார்த்திகைப் புயல்காற்று கூரையை மேலே தூக்கப் பார்க்கும். கால்களை டைல்ஸ்மேல் போல்ட் அடிக்காமல் 2 அடி ஆழக் கான்கிரீட்டில் நிறுத்துங்கள்.