தினமும் மன்னிப்புக் கேட்கிறேன், நிம்மதி மட்டும் வரவில்லை

வாசகர் கேள்வி:

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்தேன். விஷயம் வெளியே வந்தபோது என்னோடு வேலை பார்த்த பெண்மேல் சந்தேகம் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நான் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். ஒவ்வொரு இரவும் இந்தப் பாவத்துக்காக அழுது மன்னிப்புக் கேட்கிறேன். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் எபிரெயர் 10:26-ஐ வைத்துப் பிரசங்கித்தார்கள், அன்றிலிருந்து தூக்கமே இல்லை. எனக்கு மன்னிப்பு உண்டா? தேவன் மன்னித்துவிட்டார் என்றால் அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டுமா? போதகரிடம்கூட இதைச் சொன்னதில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரி,

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உண்டு. நீங்கள் கேட்ட முதல் இரவிலேயே உண்டு. இரண்டாவது கேள்விக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன், ஆமாம், அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டும். இந்த இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று முரண் என்று உங்களுக்குத் தோன்றலாம். மன்னிப்பு இலவசம் என்றால் இன்னும் எதற்கு நான் அவளிடம் போக வேண்டும், அவளிடம் போனால்தான் மன்னிப்பு என்றால் அது எப்படி இலவசம் என்று மனசு கேட்கும். உங்கள் கடிதம் முழுக்க இந்த முடிச்சுதான் இருக்கிறது.

நீங்கள் தூக்கத்தைத் தொலைத்த வசனத்திலிருந்தே வருவோம். "சத்தியத்தை அறியும் அறிவை அடைந்தபின்பு நாம் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால், பாவங்களினிமித்தம் செலுத்தத்தக்க வேறொரு பலி இனியிராமல்..." தனியாகப் பிடுங்கி எடுத்து வாசித்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். விசுவாசத்துக்காக அவமானப்பட்டு, ஆஸ்தியைப் பறிகொடுத்து, களைத்துப்போய், இனிக் கிறிஸ்துவே வேண்டாம் என்று விலகிப்போகும் நிலையில் இருந்தவர்களுக்கு எழுதியது. அவரை விட்டுவிட்டு வேறு எங்கே போய் பலி தேடப் போகிறீர்கள், வேறு பலி கிடையாதே என்பதுதான் எச்சரிக்கை. அடுத்த சில வசனங்களிலேயே தேவகுமாரனைக் காலின்கீழ் மிதிப்பதைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் அவரை மிதித்துவிட்டுப் போகவில்லை, ஒவ்வொரு இரவும் அவர் காலடியில்தான் அழுதுகொண்டிருக்கிறீர்கள். அதே அதிகாரத்தில், இந்த வசனத்துக்குக் கொஞ்சம் முன்னால், துர்மனச்சாட்சி நீங்கத் தெளிக்கப்பட்ட இருதயத்தோடு சேருவோம் வாருங்கள் என்று அழைப்பும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அதையும் வாசித்திருக்க வேண்டும். மிரட்டலை மட்டும் வாசித்து அழைப்பை விட்டுவிடுகிற பிரசங்கத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மன்னிக்கப்படாத பாவம் என்று சுவிசேஷத்தில் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறதே என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். மாற்கு 3-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனான பெயல்செபூலின் வேலை என்று சொன்ன வேதபாரகரிடம் பேசியது அது. வெளிச்சத்தை இருட்டு என்று தெரிந்தே அடித்துச் சொல்கிற மனம் மன்னிப்பைக் கேட்பதே இல்லை. கேட்டு அழுகிற உங்களுக்கு அந்த வசனம் பொருந்தாது.

நீங்கள் கேட்கிற கேள்வியை ஒரு காலத்தில் ஒரு சபையே கேட்டது. 250-ஆம் ஆண்டு ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளை போட்டான். ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்துபோய்ப் பலியிட்டார்கள், சிலர் பலியிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வந்து அழுதார்கள். நோவேஷியன் என்கிற ரோம் நகர மூப்பர், இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்று நின்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியான் தலைமையில் 251-இல் கூடிய பேராயர்கள், மனந்திரும்புதலின் காலத்துக்குப் பிறகு, அவரவர் செய்ததற்கு ஏற்றபடி, அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு, தெரிந்தே, கிறிஸ்துவையே மறுதலித்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. உங்களுக்கு மூடியிருக்கும் என்று யார் சொன்னது?

அப்புறம் ஏன் நிம்மதி வரவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கொஞ்சம் கடினமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மன்னிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இரவு அழுகையும், தூக்கமில்லாத ஒவ்வொரு மணி நேரமும், உங்களுக்குத் தெரியாமலே ஒரு தவணையாக ஆகிவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டால் ஒருநாள் போதும் என்று அவர் சொல்வார் என்று உள்ளே எங்கோ ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு முடியவே முடியாது, ஏனென்றால் அங்கே வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்று பவுல் ரோமர் 5:8-இல் எழுதுகிறார். நாம் அழுது முடித்த பிறகு என்றோ, நாம் கொஞ்சம் திருந்தின பிறகு என்றோ அவர் எழுதவில்லை.

மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது இதே பாடுதான் பட்டார். மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார், வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து மறுபடி ஓடுவார். அவருடைய துறவற சபையின் மேலாளரும் ஆன்மீக வழிகாட்டியுமான யோகான் ஸ்டாபிட்ஸ், உன்னையே தோண்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டார். லூத்தர் 1517-இல் தொடங்கிவைத்த சர்ச்சை சபைகளை இரண்டாகப் பிரித்தது, அது வேறு கதை. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கை, நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒரே வாயாகச் சொன்னது. இவ்வளவு காலம் சண்டை போட்டவர்களே ஒத்துக்கொண்ட விஷயத்தில் நீங்கள் மட்டும் உங்களுக்கு விதிவிலக்கு கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே இரவில் இரண்டு பேர் இயேசுவுக்குத் துரோகம் செய்தார்கள், யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான், பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்தான். யூதாஸ் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். பேதுரு மனங்கசந்து அழுததைத் தவிர வேறு எதுவும் செய்ததாக எழுதப்படவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யூதாஸ்தான் அதிகம் செய்தவன். ஆனால் அவன் தன் குற்ற உணர்வோடு பிரதான ஆசாரியரிடம் போனான், அவர்கள் எங்களுக்கென்ன என்று கைவிரித்தார்கள், அதன்பின் தன் உயிரையே போக்கிக்கொண்டான். பேதுருவோ, படகிலிருந்து உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டதும் கடலில் குதித்து அவரிடமே போனான். சகோதரி, தூக்கமில்லாமல் கிடக்கிற இரவில் வாழ்வே வேண்டாம் என்கிற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

சரி, இப்போது அந்தப் பெண்.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீது 51-ஆம் சங்கீதத்தில் சொல்கிறான். இதைப் பிடித்துக்கொண்டு, தேவனிடம் சொல்லியாயிற்று, மனுஷரிடம் எதற்கு என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய. தாவீது கொல்லச் செய்த உரியா உயிரோடு இல்லை, அவனிடம் போய்ச் சொல்ல வழியே இல்லை. உங்கள் தோழி, நமக்குத் தெரிந்தவரை, உயிரோடு இருக்கிறாள். திருடி என்ற பெயரோடு இருக்கிறாள். வேறு வேலைக்குப் போன இடத்தில் பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டபோது என்ன சொல்லியிருப்பாள், வீட்டில் அவளை நம்பினார்களா, நமக்குத் தெரியாது. நீங்கள் அழுத இரவுகளில் அவளும் அழுதிருக்கலாம். உங்கள் கடிதத்தில் உங்கள் வேதனை பல வரிகளில் இருக்கிறது, அவளுடையது ஒரே வரியில் முடிந்துவிட்டது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. குற்ற உணர்வு நம்மை நம்மைச் சுற்றியே சுழல வைக்கும், கிருபைதான் தலையைத் தூக்கி எதிரே நிற்கிறவரைப் பார்க்க வைக்கும்.

வரி வசூலிக்கிற சகேயுவின் கதையில் எது முதலில் நடந்தது என்று கவனியுங்கள். மரத்தில் இருந்தவனை இயேசு பேர் சொல்லி அழைத்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அந்த நேரம் வரை அவன் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. பாவியான மனுஷனிடத்தில் தங்கும்படி போனாரே என்று ஊரே முறுமுறுத்தது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை என்கிறான். மோசேயின் நியாயப்பிரமாணம் பொய்யாணையிட்டு வைத்துக்கொண்டதற்குக் கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான், லேவியராகமம் 6-இல் இருக்கிறது. அவன் அதைத் தாண்டிப் போனான். யாரும் மிரட்டவில்லை, யாரும் விலை பேசவும் இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்கு இழக்கிற பயம் போய்விட்டது, அவ்வளவுதான். நீங்களும் மன்னிப்பு வாங்குவதற்காக அவளிடம் போக வேண்டாம். மன்னிக்கப்பட்டவராகப் போங்கள்.

தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு ஜான் நியூட்டன் என்கிற ஆங்கிலேயரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 1748-இல் கடலில் புயலில் சிக்கித் தேவனிடம் கதறினவர். அதற்குப் பிறகும் அடிமை வியாபாரக் கப்பல்களில் போனார், தலைவனாகவே இருந்தார், 1754-இல் உடல்நலம் கெட்டதால்தான் கடலைவிட்டார். அப்புறம் குருவானவர் ஆனார், கிருபையைப் பற்றி உலகமே பாடுகிற பாடலை எழுதினார். ஆனால் தான் செய்த வியாபாரத்தின் கொடுமையைப் பகிரங்கமாக அச்சிட்டு அறிக்கையிட்டது 1788-இல். நாற்பது வருடம். அவர் மன்னிக்கப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் சாட்சி பின்னால் அந்த வியாபாரத்துக்கு எதிரான போராட்டத்துக்கு உதவியது, அதுவும் உண்மை. ஆனாலும் அந்த நாற்பது வருட மௌனத்துக்கான விலையைக் கொடுத்தது அவர் இல்லை, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்கள்.

ஆகவே இந்த வாரமே ஒரு ஆளிடம் பேசுங்கள். உங்கள் போதகர் வாய் காக்கிறவர் என்றால் அவரிடம், இல்லையென்றால் நீங்கள் நம்புகிற மூத்த விசுவாசி ஒருவரிடம். தனியாக அழுதது போதும். யாக்கோபு ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொன்னதில் காரணம் இருக்கிறது, உனக்கு மன்னிப்பு உண்டு என்பதை இன்னொரு மனிதக் குரல் சொல்லிக் காதால் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்து ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தப்பிக்க வழி தேடுவதற்காக அல்ல, அவள் பேரை எழுத்தில் சரிசெய்ய என்ன செய்யவேண்டும், முதலாளிக்குப் பணத்தை எப்படித் திருப்பவேண்டும், உங்களுக்கு என்ன வரும் என்பதைத் தெரிந்துகொண்டு நடக்க. ஏதாவது வரலாம். கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன பிறகும் தாவீதின் வீட்டில் விளைவுகள் நின்றுவிடவில்லை. உங்கள் கணவருக்கோ வீட்டாருக்கோ பாதிப்பு வரும் என்றால் அவர்களும் முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளிடம் பேசும்போது சுருக்கமாகப் பேசுங்கள். பணத்தை எடுத்தது நான், உன்மேல் பழி விழுந்தபோது தெரிந்தே பேசாமல் இருந்தேன், இதை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கிறேன், நீ இழந்ததில் என்னால் ஈடுசெய்ய முடிந்ததைச் செய்கிறேன். இவ்வளவுதான். அப்போது எனக்குக் கஷ்டம், சின்ன வயசு என்று ஆரம்பிக்காதீர்கள். நான் இரட்சிக்கப்பட்டதால் சொல்ல வந்தேன் என்று சாட்சி சொல்லவும் அது இடமில்லை. முக்கியமாக, என்னை மன்னித்துவிடு என்று கெஞ்சி அவளை நெருக்காதீர்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்று தப்பு செய்தவரே பாதிக்கப்பட்டவரிடம் வசனம் காட்டுவது கொடுமை. அவள் கத்தலாம், கதவைச் சாத்தலாம், பணத்தை வாங்க மறுக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் மன்னிக்காததால் தேவன் கொடுத்த மன்னிப்பு குறைந்துபோகாது, தேவன் மன்னித்ததால் அவள் உடனே மன்னித்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இன்று இரவு ஜெபத்தில் அந்தப் பாவத்துக்காக மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள். மன்னித்ததற்கு நன்றி சொல்லுங்கள், பழக்கம் இல்லாததால் பொய் சொல்வதுபோல் இருக்கும், பரவாயில்லை, சொல்லுங்கள். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று யோவான் எழுதியது இந்த மாதிரி இரவுகளுக்குத்தான். மீதி நேரத்தில் அவள் பேரைச் சொல்லி அவளுக்காக ஜெபியுங்கள். போதகரைப் பார்த்த பிறகு மறுபடி எழுதுங்கள். அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் அப்போது என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.