டான் கிளார்க்கின் உதை

ஐயா,
1959 ரக்பி தொடரில், நியூசிலாந்தின் டனீடினில் நடந்த முதல் டெஸ்ட்டில் பிரிட்டிஷ் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணி) நான்கு டிரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது) போட்டும் நியூசிலாந்திடம் 17-18 என்று தோற்றது. அந்த 18ம் நியூசிலாந்தின் டான் கிளார்க் உதைத்த ஆறு பெனால்டிகளில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைத்து, கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் உதை) வந்தவை. உதை மட்டுமே தெரிந்த ஒருவரை இத்தனை கொண்டாடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்று நன்றாக ஆடியது லயன்ஸ்தான். ஆனால் பழியைக் கிளார்க்கின் தலையில் கட்டாதீர்கள். அப்போது டிரைக்கும் 3, பெனால்டிக்கும் 3. லயன்ஸ் எடுத்தது நான்கு டிரைக்கு 12, ஒரு கன்வர்ஷனுக்கு (டிரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதை) 2, ஒரு பெனால்டிக்கு 3. டிரை 1971இல் 4 ஆகி, 1992இல் 5 ஆனது. இன்றைய கணக்கில் லயன்ஸ் 25-18 என ஜெயித்திருக்கும். கோளாறு விதியில்தான்.

அந்த உதையும் லேசுப்பட்டதல்ல. இன்றைக்குப் பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் உதைக்கிறார்கள். பந்தில் படும் பரப்பு பெரிது, சிறு பிசகு தெரியாது. கிளார்க் நேராக ஓடிவந்து பூட்ஸின் முனையால் உதைத்தவர். மையம் கொஞ்சம் விலகினாலும் பந்து திருகிக்கொண்டு கம்பத்துக்கு வெளியே போகும். அடியில் பட்டால் மேலே எழும்பும், தூரம் போகாது. கணுக்கால் தளர்ந்தால் விசையே இருக்காது. அன்று பந்தை நிறுத்த, குதிகாலால் புல்தரையைக் கெல்லிக் குழி போட வேண்டியிருந்தது. மழை பெய்தால் அன்றைய தோல்பந்து நீர் குடித்துக் கனத்துவிடும்.

1961இல் வெலிங்டனில் பிரான்ஸுடன் நடந்த டெஸ்ட்டில் சூறைக்காற்று. நியூசிலாந்தின் கெல் ட்ரெமைன் போட்ட டிரையால் 3-3. கன்வர்ஷனை டச் லைன் (பக்கக்கோடு) ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். கிளார்க் கம்பங்களுக்கு வெகுதூரம் வெளியே குறிவைத்தார். காற்று பந்தை வளைத்து உள்ளே தள்ளியது. 5-3. காற்றை இப்படிக் கணிப்பதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?

உதை மட்டுமே என்பதும் சரியல்ல. அதே 1959 தொடரின் இரண்டாம் டெஸ்ட்டில், ஆட்டம் முடியும் தறுவாயில், 11-8 வெற்றிக்கான டிரையைப் போட்டவர் இவரே. அக்காலத்தில் மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் பந்தை நேரே டச்சுக்கு (பக்கக்கோட்டுக்கு வெளியே) உதைத்து இடம் பிடிக்கலாம். அதனால் நெடுந்தூரம் உதைக்கும் ஃபுல்பேக் (அணியின் பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்) ஒருவரே எதிரணியைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ள முடிந்தது. 31 டெஸ்ட்களில் 207 புள்ளிகள் எடுத்தார். அந்த நியூசிலாந்து சாதனையை 1988இல்தான் கிராண்ட் ஃபாக்ஸ் தாண்டினார்.

அந்த உதை எளிதல்ல என்பதற்கு அதே 1959 தொடரின் நான்காவது டெஸ்ட்டையும் பாருங்கள். லயன்ஸுக்கு மூன்று டிரை, கிளார்க்குக்கு இரண்டு பெனால்டி. சமன் செய்யக் கடைசியில் கிடைத்த பெனால்டியை அவர் தவறவிட்டார். லயன்ஸ் 9-6 என வென்றது.