பழைய ஸ்டேஷன் வேகன் காரை (கூரை பின்பக்கம்வரை நீண்டு, சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்கதவு உள்ள கார்) பல வருடம் வைத்து ஓட்டுவது சரிப்பட்டு வருமா? எப்போது அதைக் கைவிடுவது?

சரிப்பட்டு வரும், இன்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் இருந்தால்.

1998இல் தயாரான ஒரு வேகனை 14 வருடமாக ஓட்டுகிறேன். வாங்கும்போதே நான் மூன்றாவது ஆள். இப்போது மீட்டர் 3,10,000 கிலோமீட்டர் காட்டுகிறது. இன்றுவரை இன்ஜினைப் பிரித்ததில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் வயரும் ரப்பரும் தண்ணீரும்தான்.

ஒரு நாள் பின் வைப்பர் நின்றது. அடுத்த வாரம் நம்பர் பிளேட் விளக்கு. பல்பு மாற்றினேன், ஃபியூஸ் மாற்றினேன், வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கூடப் பார்த்தேன். கோளாறு இருந்ததோ பின்கதவின் கீல் பக்கம். கூரையிலிருந்து கதவுக்குள் வயர் போகும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை உருவினால், உள்ளே நாலு வயர் அறுந்து, செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி இற்றுப்போயிருக்கிறது. நன்றாக வளையும் வயராக வாங்கி, ஒட்டுப்போட்ட இடம் மடிப்பில் வராமல் தள்ளி வைத்தேன். பிறகு தொந்தரவில்லை.

அப்புறம் தண்ணீர். மழை நாட்களில் காலையில் கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் ஆவி படிந்திருக்கும். ஹீட்டரைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால் அந்தக் குழியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர்! பின்விளக்கைச் சுற்றிய ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ரப்பர் சின்ன விஷயம். விட்டிருந்தால் குழியே துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். அதனால் பழைய வேகன் எதைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. பின்னால் கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி குழியைக் கையால் தடவிப் பார்ப்பேன். விற்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஆகட்டும்.

மற்றது எல்லாப் பழைய காருக்கும் உள்ளதுதான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். டயரில் பட்டன் (தரையில் படும் மேடுகள்) நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னிக்கும் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

இன்னொன்று, நீளமான சாமானுக்காகப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டாதீர்கள். வேகனின் பின்புறம் செங்குத்தாக இருப்பதால் காற்று அங்கே சுழன்று, சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். பின் கண்ணாடி சீக்கிரம் அழுக்காவதும் அந்தச் சுழலால்தான்.

இனி, எப்போது கைவிடுவது என்ற கேள்வி. உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றால்கூடத் தேடிப் பார்ப்பேன். ஆனால் சஸ்பென்ஷன் பாடியில் சேரும் இடத்தைத் துரு அரித்திருந்தால் யோசிக்க மாட்டேன், அன்றோடு சரி. போன வருடம் கீழே படுத்து ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். டங்கென்று கெட்டியாகக் கேட்டது, துரு இல்லை.