மண்டையோடு யாரைத் தடுக்கும்?

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி ஓபியாய்டு (அபின் வகை மருந்து) பழக்கத்தில் சிக்கிய என் தம்பி, இப்போது அந்தப் பழக்கத்துக்கான மருந்தாகிய புப்ரினார்ஃபின் எடுத்துச் சிகிச்சையில் இருக்கிறான். எங்கள் நலச்சங்கம் தயாரிக்கும் விழிப்புணர்வுச் சுவரொட்டியில் மண்டையோடும் ஊசியும் வரைந்து, ‘போதை அடிமையே, திருந்து’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் எதிர்ப்பது சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சரிதான், ஆனால் தம்பியின் மனம் புண்படும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நோக்கத்துக்காக அச்சிடுகிறார்களோ அதுவே நிறைவேறாது என்று சொல்லுங்கள். பழக்கம் உள்ளவர் அந்தப் படத்தில், ஊர் தன்னை என்னவாக நினைக்கிறது என்பதைத்தான் படிப்பார். பிறகு மருத்துவரிடம் போகக் கூசி, கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே பயன்படுத்துவார்; அளவு மீறி மூச்சு அடங்கும்போது ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் மருந்தைக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

வாசகத்தையும் மாற்றச் சொல்லுங்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே நோயாளியைச் சிலரிடம் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’ என்றும், வேறு சிலரிடம் ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’ என்றும் விவரித்தபோது, முதல் விவரிப்பைப் படித்தவர்களே அவரைக் கூடுதலாகக் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் அனைவரும் மனநலத் துறையில் பணிபுரிபவர்கள் என்பதுதான் வேதனை.

சங்கத்தில் யாராவது, ‘தம்பி சாப்பிடுவதும் இன்னொரு போதைதானே’ என்று கேட்கக்கூடும். தம்பி எடுக்கும் புப்ரினார்ஃபினும், அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோனும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. முறையாக எடுத்துக்கொள்ளும்போது அவை ஏக்கத்தையும், பழக்கத்தை விட்டதால் வரும் உடல் அவதியையும் தணித்து, அன்றாட வேலையைப் பார்க்கவிடுகின்றன. இந்த ஏளனத்துக்குக் கூசி மருந்தைப் பாதியில் நிறுத்துபவருக்கு ஆபத்து அதிகம். உடலின் தாங்குதிறன் குறைந்த பிறகு பழக்கம் திரும்பினால், முன்பு தாங்கிய அதே அளவே உயிரைப் பறித்துவிடலாம். என்னைக் கேட்டால், சுவரொட்டியில் முதலில் இடம்பெற வேண்டிய செய்தி, இதற்கு மருந்து உண்டு என்பதே.

மண்டையோட்டுக்குப் பதிலாக, மருத்துவரோடு உட்கார்ந்து பேசும் சாதாரண மனிதர் ஒருவரின் படம் போதும். எங்கே, எந்த நேரத்தில் வரலாம், யாரைப் பார்க்கலாம், விவரம் வெளியே போகாது என்பவற்றைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். தம்பியின் அனுபவத்தைச் சேர்க்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் படியை அவரிடம் காட்டி, இதைப் பார்த்திருந்தால் முன்பே சிகிச்சைக்குப் போயிருப்பாயா என்று மட்டும் கேளுங்கள்.