அக்ரிலிக் ஸ்கிம்மர்: நுரை வருமா, வராதா?

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முறை, தண்ணீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பற்றித்தான். கடையில் விலை கேட்டுவிட்டு, "நாமே செய்தால் என்ன?" என்று இறங்கியவர்கள். தாராளமாகச் செய்யலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

200 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். ஸ்கிம்மர் உண்மையில் என்ன செய்கிறது? எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும்? (திருநகர்)

காற்று பலமாக அடிக்கும் நாளில் தனுஷ்கோடிக் கரையில் மஞ்சள் கலந்த நுரை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் கரைந்திருக்கும் உயிர்க்கழிவு அலையில் அடிபட்டுக் குமிழியோடு ஒட்டி மேலே வந்ததுதான் அது. ஸ்கிம்மர் அதையே ஒரு குழாய்க்குள் நடத்துகிறது. மீன் கழிவு, மிஞ்சிய தீனி இவற்றிலிருந்து வரும் புரதம், கொழுப்பு மூலக்கூறுகளின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகி ஓடும். விலகும் முனைக்குக் காற்றுக் குமிழியின் மேற்பரப்பு வசதியான இடம். அங்கே ஒட்டிக்கொண்டு மேலேறி, குறுகிய கழுத்தில் கெட்டி நுரையாகி, கப்பில் விழுந்துவிடும். பாக்டீரியா அதைச் சிதைத்து அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு முன்பே வெளியேற்றிவிடுகிறோம் என்பதுதான் லாபம். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் தொடாது. அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் எளிய வழி.

அதிகமாகவும் எதிர்பார்க்காதீர்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இல் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் (உயிர்க்கழிவை அளக்கும் கணக்கு இது) 20 முதல் 30 சதவீதம்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. விலை உயர்ந்தவையும் இதில் பெரிதாக மிஞ்சவில்லை. கையால் செய்யப்போகிற நமக்கு இது நல்ல செய்தி.

உங்கள் தொட்டிக்கு 4 அங்குலக் குழாய், 45 செ.மீ உயரம் போதும். உள்ளே ஏறத்தாழ மூன்றரை லிட்டர் நிற்கும். மணிக்கு 200 லிட்டர் ஓடவிட்டால் தண்ணீர் சுமார் ஒரு நிமிடம் குமிழியோடு இருக்கும். கழுத்தின் அகலம் உடம்பில் பாதியோ கொஞ்சம் கூடுதலோ இருக்கட்டும். குமிழி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உடம்பு முழுக்கப் பால் போல வெளுத்துத் தெரிய வேண்டும். அக்ரிலிக் எவ்வளவு பளபளப்பு, மூலை எவ்வளவு நேர் என்பதிலெல்லாம் நம் ஆட்கள் வாரக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். வேலை செய்வது காற்று, குழாய் அதற்கு ஒரு பாத்திரம்தான். மெனக்கெடுவதானால் குமிழியில் மெனக்கெடுங்கள்.

அண்ணே, இங்கே அக்ரிலிக் குழாய் கிடைக்கவில்லை. நேம் போர்டு செய்யும் கடையில் ஷீட் இருக்கிறது, லேசரில் வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். சதுரமாகச் செய்யலாமா? எதை வைத்து ஒட்டுவது? (ஆரப்பாளையம்)

சதுரம் நன்றாகவே வேலை செய்யும். 5 மி.மீ ஷீட்டில் உள்ளளவு 9 செ.மீ சதுரமாகச் செய்தால் 4 அங்குலக் குழாயின் கொள்ளளவு வந்துவிடும். ஆனால் லேசரில் வெட்ட வேண்டாம். லேசர் பட்ட விளிம்பு உருகி இறுகும்போது உள்ளே ஒரு இழுவிசை தங்கிவிடும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒட்டும் திரவம் பட்டதும் அந்த விளிம்பில் மயிரிழை விரிசல்கள் ஓடும், சில மாதத்தில் கசியும். ரம்பத்திலோ ரூட்டரிலோ அறுத்துத் தரச் சொல்லி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். முடிந்தால் வார்ப்பு ஷீட்டாகக் கேளுங்கள். அச்சில் இழுத்துச் செய்த ஷீட் மலிவு, ஆனால் விரிசலுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். செய்து முடித்த பிறகு சானிடைசர், ஸ்பிரிட் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள், அதுவும் இதே விரிசலைக் கொண்டுவரும்.

போர்டு கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் விட்டுத்தான் ஒட்டுகிறார்கள். அது பசை இல்லை. இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுப் பறந்துவிடும். இடைவெளி இல்லாமல் துண்டுகளைப் பொருத்தி, டேப் போட்டு நிறுத்தி, ஊசிமுனையால் ஓரத்தில் விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். சில நிமிடத்தில் பிடித்துவிடும், ஆனால் முழு வலு வர இரண்டு நாள் விடுங்கள். இடைவெளி இருந்தால் அக்ரிலிக் தூளை அதே திரவத்தில் கரைத்துக் கெட்டியாக்கித் தடவலாம்.

இதில் ஒரு விஷயம் விளையாட்டில்லை. குளோரோஃபார்ம் ஆவி தலைசுற்ற வைக்கும், தொடர்ந்து பட்டால் ஈரலைப் பாதிக்கும். பூட்டிய அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒட்டுவது ஆபத்து. மொட்டை மாடியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து செய்யுங்கள். சாதாரண ரப்பர், நைட்ரைல் கையுறை இதைத் தாங்காது. ஆகவே கையில் படாமல் ஊசியால் விடுவதுதான் பாதுகாப்பு. ஐப்பசி மழை நாளில் ஒட்ட வேண்டாம். திரவம் பறக்கும்போது விளிம்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை வாங்கி, ஒட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். பங்குனி வெயிலில் ஒட்டிய ஜாயின்ட் தெளிவாக வரும்.

சிலிக்கானை நம்பி அக்ரிலிக்கைக் கட்டாதீர்கள், பிடிப்பு சரியாக இருக்காது, பிய்ந்து வந்துவிடும். உடம்பு முழுக்க அக்ரிலிக்காக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஈயம் கலக்காதது என்று அச்சிட்ட பிவிசி பைப்பில் உடம்பைச் செய்து, கழுத்தை மட்டும் அக்ரிலிக்கில் வைத்தால் செலவு பாதியாகும். நுரை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டியது கழுத்தில்தானே.

ஏர் கூலர் பம்ப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே போட்டுவிடலாமா? (வில்லாபுரம்)

வேண்டாம். அதன் அச்சு பெரும்பாலும் இரும்பு, உப்புத்தண்ணீரில் துருவை விட்டுக்கொண்டே இருக்கும். பீங்கான் அச்சுள்ள மீன்தொட்டி பம்ப்தான் வேண்டும். அதன் விசிறியில் ஊசி ஊசியாகப் பிளாஸ்டிக் குச்சிகளை நட்டு, உறிஞ்சும் வாயில் காற்றுக் குழாயைச் செருகினால் குமிழி பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு வரும். மரக்கட்டை ஏர்ஸ்டோன் வைத்தும் செய்யலாம். சில வாரத்தில் அதன் துளை அடைத்துக் குமிழி பெருத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வெளியேறும் இடத்தில் கேட் வால்வு என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் பித்தளையைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புத்தண்ணீரில் கரையும். மீன் தாக்குப்பிடித்தாலும் இறாலும் அனிமோனும் போய்விடும். பிளாஸ்டிக் வால்வு போடுங்கள். அல்லது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பைப்பை வைத்து, ஏற்றி இறக்கித் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். வால்வை விட இது எனக்குப் பிடிக்கும், அடைப்பே வராது. தொட்டிக்குப் போகும் கரன்ட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஸ்கிம்மருக்கு முன் அதைப் போடுங்கள்.

செய்து முடித்து ஒரு வாரம் ஆகிறது. குமிழி வருகிறது, கழுத்தில் நுரை ஏறவே மாட்டேன் என்கிறது. சில நாள் நன்றாக வந்து, மாலையில் சட்டென்று இறங்கிவிடுகிறது. (கே.கே. நகர்)

ஒரு வாரம் போதாது. புது அக்ரிலிக்கில் கை எண்ணெய், வெட்டிய தூள், ஒட்டிய மிச்சம் எல்லாம் இருக்கும். ஒன்றிரண்டு வாரம் ஓடி அவை கழன்ற பிறகுதான் நிதானத்துக்கு வரும். வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஓட்டிக் கழுவியிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதுவரை தினமும் வால்வைத் திருகாதீர்கள். ஒருமுறை மாற்றினால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

மாலையில் இறங்குகிறது என்றீர்களே, அங்கேதான் சந்தேகம். தொட்டி சமையலறைக்குப் பக்கத்திலா? தாளிப்பும் வடைச் சட்டியும் கிளப்பும் எண்ணெய்ப் புகை தண்ணீரின் மேல் படலமாக இறங்கினால் நுரை உடைந்துவிடும். எண்ணெய் ஊறிய தீனி போட்டாலும் சில மணி நேரம் இதேதான் நடக்கும். தானாகத் திரும்ப ஏறிவிடும், பயமில்லை.

பயப்பட வேண்டியது வேறு. ஸ்கிம்மர் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் அறைக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் நசுக்குகிறது. பொழுது சாய்ந்ததும் கொசுவத்தியோ கொசு லிக்விடோ வைக்கும் வீடுகளில் அந்த மருந்தும் சேர்ந்தே உள்ளே போகிறது. அவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. நமக்குப் பெரிய தொந்தரவில்லாத அளவே இறாலுக்கும் நண்டுக்கும் எமன், மீனுக்கும் நல்லதில்லை. கரப்பான் ஸ்பிரே இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் வேண்டாத வரவுதான். காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். ஏசி போட்டுக் கதவை அடைத்த அறையில் கரியமிலவாயு சேர்ந்து தொட்டியின் பிஹெச் இறங்கும். வெளிக்காற்று வந்தால் அதுவும் சரியாகும். வெளியே விட வழியில்லையென்றால் ஆக்டிவேட்டட் கார்பன் கரி நிரப்பிய சிறு குப்பி வழியாகக் காற்றை இழுக்கவிடுங்கள்.

இன்னொன்று, சம்பில், அதாவது ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியில், தண்ணீர் மட்டம். சித்திரை வெயிலில் நம் ஊரில் ஆவியாவது கொஞ்சநஞ்சமில்லை. மட்டம் இரண்டு விரல் இறங்கினாலே நுரையும் இறங்கும். காலையும் மாலையும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி மட்டத்தைப் பிடித்து வையுங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

கரன்ட் போய் வந்தால் கப் பொங்கித் தரையெல்லாம் நாறுகிறது. (சோழவந்தான்)

கரன்ட் போனதும் மேலேயுள்ள மீன்தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். திரும்ப ஓடத் தொடங்கும்போது ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் நிற்பதால் நேராகக் கப்புக்குள் தள்ளுகிறது. ஐந்து நிமிடம் தாமதித்து ஓடவைக்கும் டிலே டைமர் ஒன்றை ஸ்கிம்மர் பம்புக்கு மட்டும் போட்டால் தீர்ந்தது. கப்பின் அடியில் ஒரு நிப்பிள் வைத்து, பொங்குவது தனிக் கேனுக்குப் போகும்படியும் செய்துவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துகிறார்களே, அந்த நாளில் ஸ்கிம்மரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆக்சிஜனைப் பற்றிப் படுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், மற்றதில் பம்ப் இரைந்து சூடாகும்.

தங்கமீன் தொட்டிக்கும் ஒன்று செய்து வைக்கலாமா? (திருமங்கலம்)

வேண்டாம். நல்ல தண்ணீரில் பொடிக்குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்குங்கள்.

மண்டபத்தில் நண்பர் இருக்கிறார். கடல்தண்ணீரும் கொஞ்சம் பவளப்பாறையும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். (மேலூர்)

தண்ணீர் சரி, பாறை கூடாது. பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. கடல்குதிரையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. செத்த பவளம்தானே, கரையில் கிடந்ததுதானே என்று சொன்னாலும் செல்லாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமே உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரைப் படகுத்துறை ஓரத்தில் மொள்ள வேண்டாம், டீசல் மிதக்கும். வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடாப் பக்கம் கலங்கி, உப்பும் குறைந்திருக்கும். எப்போது எடுத்தாலும் அடர்த்தி 1.025க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று அளந்து, மூடிய டிரம்மில் இருட்டில் சில வாரம் தெளியவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கப்பில் சேரும் கறுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? வீட்டில் கேட்கச் சொன்னார்கள். (அண்ணா நகர்)

ரோஜாத் தொட்டியில் ஊற்றினால் வீட்டில் அப்புறம் வேறு கேள்வி கேட்பார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள், கப்பின் கழுத்தையும் அப்படியே பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அங்கே பிசுக்குப் படிந்தால் அடுத்த நாள் நுரை ஏறாது.